பச்சை வீடும் கேஸ் சிலிண்டரும்

பிள்ளைகளின் வேலையில் தலையிடும் பெற்றோரைத் தண்டிக்க ஒரு சட்டம் வந்தால், அப்புத்தளைப் பொலிஸ் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நானும் மறுக்காமல் ஜீப்பில் ஏறிவிடுவேன். (ஏறும்போது "மகள் சாப்பிட்டாளா?" என்று கேட்பேன். அது வேறு.)

என் மகள் தர்ஷினி சட்டம் படித்தவள். இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பு அலுவலகம் ஒன்றில் அவளுக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. தொழிற்சாலையும் வாகனமும் காற்றில் எவ்வளவு காபன் வெளிவிடலாம், மீறினால் என்ன தண்டனை என்று ஒரு சட்டமூலம், அதாவது சட்ட வரைவு, தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஊர் ஊராகப் போய் மக்கள் கருத்தைக் கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. போன இடமெல்லாம் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்களாம். அதிலும் பாதிப்பேர் மண்டபச் சாவியோடு சம்பந்தப்பட்டவர்கள்.

கடைசிக் கூட்டம் எங்கள் பக்கம், பெரகலவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். அதைப் பார்க்க மேலதிகாரியே வருகிறார். நன்றாக நடந்தால் வேலை தொடரும், இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். இதை அவள் போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அம்மா, அறிவித்தல மட்டும் தமிழ்ல எழுதித் தாறீங்களா? நீங்க சயன்ஸ் டீச்சர்தானே" என்றாள்.

அவள் ஒரு விரலைத்தான் நீட்டினாள். நான் தோள்வரை பிடித்துக்கொண்டேன்.

காபன் என்று எழுதினால் டைப் அடிக்கும் கடையில் வைக்கிற காபன் தாள் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே மிகவும் யோசித்து, பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல்லையே எடுத்தேன். "பச்சை வீட்டு வாயு வெளியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமூலம் தொடர்பான மக்கள் கருத்தறியும் கூட்டம்." எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கும் மணி அதை ரசிக்கவில்லை.

"டீச்சர், இதெ மைக்ல படிச்சா எனக்குப் பல்லுக் கட்டிக்கிரும். சுருக்கித் தாங்க."

சுருக்கினேன். பச்சை வீட்டு வாயு, புதிய சட்டம், கருத்துச் சொல்ல வாருங்கள். யாரும் வராமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில், "குடும்பத்தோடு" என்று நானே ஒரு சொல்லையும் சேர்த்தேன்.

"வாயுன்னா என்னா டீச்சர்?"

"கேஸ், தம்பி" என்றேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி, வாசல் நிரம்பி, படிக்கட்டிலும் சனம். பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார்கள். நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த காலத்தில் பக்கத்து ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த லெட்சுமி அக்கா முன்வரிசையில் இருந்தார். மடியில் ஒரு பைல்.

"என்னாக்கா, பைலோட?"

"ஐடி கொப்பி, கலியாண சர்டிபிகட், மண்ணு சரியும்னு எங்கள எழும்பச் சொல்லிக் குடுத்த கடுதாசி. எதக் கேப்பாங்கன்னு தெரியலையே. எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்தேன்."

காலநிலை மாற்றத்துக்கும் மண்சரிவுக்கும் உள்ள தொடர்பு இந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்தது. (உண்மையாகவே புல்லரித்தது. கையைத் தடவிக்கொண்டேன்.) பின்னாலிருந்து முத்தையா தாத்தா எட்டிப் பார்த்தார்.

"பச்சதான் அடிக்கணுமா டீச்சர்? நீலம்னா நமக்கு ராசி."

கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கும் விஷயமாக்கும் என்று நினைத்து, "கேட்டுப் பாருங்க தாத்தா" என்றேன்.

மேலதிகாரி வந்தார். சனத்தைப் பார்த்ததும் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். இப்படி ஒரு கூட்டத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று தர்ஷினியிடம் சிங்களத்தில் சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் போட்டியில் பரிசு வாங்கினால் மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்ப்பாளே, அதே சிரிப்பு.

பிறகு மைக்கைப் பிடித்தாள். "பச்சை வீட்டு வாயு வெளியேற்றத்தைப் படிப்படியாகக் குறைக்கிறதுதான் இந்தச் சட்டத்தோட நோக்கம்."

லெட்சுமி அக்கா எழுந்தார்.

"தங்கச்சி, இன்னும் வீடே குடுக்கல. அதுக்குள்ள வெளியேத்துறதப் பத்திப் பேசுறீங்களே?"

"கேஸையும் கொறைக்கப் போறாங்களாம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அட, குடும்பத்துக்கு ஒரு சிலிண்டராச்சும் உண்டா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"எந்தச் சிலிண்டர்?" என்று தர்ஷினி மைக்கிலேயே கேட்டாள்.

நான் வாசலில் நின்ற மணியைப் பார்த்தேன். "நீங்கதானே டீச்சர் கேஸுன்னு சொன்னீங்க" என்றான் அவன். லயம் லயமாகப் போய் அவன் முழங்கியது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. "பச்சை வீடு! கேஸ்! புதுச் சட்டம்! குடும்பத்தோட வாங்க!"

நான் லயத்தில் பிறந்தவள். பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்து எழுந்தவள். மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போன பிறகு, மழை இறங்கினால் இந்தப் பக்கத்துச் சனம் முழுசாகத் தூங்குவதில்லை என்று தெரிந்தவள். அப்படிப்பட்ட நான், வீடு என்ற சொல்லை மைக்கில் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று மேலதிகாரி தர்ஷினியைக் கேட்டார். அவள் கையிலிருந்த உரையைப் புரட்டினாள். அவளுடைய வேலை என் கண் முன்னாலேயே மலையடிவாரம் நோக்கி உருண்டுகொண்டிருந்தது. நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"இது நான் செஞ்ச பிழை. மன்னிச்சிருங்க. பச்சை வீடுன்னா நாம குடியிருக்கிற வீடு இல்ல. பண்டாரவளைப் பக்கம் பொலித்தீன் கட்டி, உள்ளுக்குத் தக்காளி வளக்குறாங்களே, அது. உள்ள வந்த சூடு வெளிய போகாது. அந்த மாதிரி பூமியச் சுத்தியும்..."

கையால் காற்றில் ஒரு உருண்டை வரைந்து காட்டினேன்.

"அப்ப தக்காளிக்கு வீடு இருக்குன்னு சொல்ல வாறீங்க" என்றார் லெட்சுமி அக்கா.

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. முத்தையா தாத்தா இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணிலும் தண்ணீர் வந்தது. லெட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பைலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

தர்ஷினி கையிலிருந்த உரையைக் கீழே வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

"அக்கா, அதையே திரும்பச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"எத? தக்காளியவா?"

"ஆமா. தக்காளியையும், அந்தக் கடுதாசியையும். பூமி சூடானா மழை கண்டபடி கொட்டும். மழை கொட்டினா மலை சரியும். அதனால இந்தச் சட்டத்துல உங்களுக்கும் கேக்க இருக்கு."

கேட்டார்கள். சாயங்காலம்வரை கேட்டார்கள். லயத்துக்குப் பின்னால் விரிந்துகொண்டே போகும் வெடிப்பு, அடுப்படியில் ஊறும் தண்ணீர், எழும்பு என்கிறவர்கள் எங்கே போக என்று சொல்லாதது எல்லாம் வந்தன. "நாங்க எரிக்கிறது வெறகு. அதுவும் இன்னிக்குப் பொறுக்கப் போகாம இங்க வந்துட்டேன். கட்டுப்பாடு எனக்கா, லொறி லொறியா பொக வுடுறவனுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். தர்ஷினி ஒவ்வொன்றையும் மேலதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னாள். ஒரு சொல்லுக்குக்கூடச் சீனி போடவில்லை. தக்காளியையும் விடவில்லை. அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பூமி சூடாவதால் ஆபத்தில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான இடம் கொடுப்பதையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று அவளுடைய அறிக்கை போனது. சட்டமூலம் இன்னும் மூலமாகத்தான் இருக்கிறது. அவளுடைய வேலை மட்டும் தொடர்ந்தது. அறிவித்தலை அம்மா எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு. (அதைப் போட்டது அலுவலகம் இல்லை.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், வரும் வரும் என்று சொல்லி வராத எதற்கும் "பச்சை வீடு" என்றுதான் பெயர். சம்பளம் கூடப்போகிறதாம் என்று என் கணவர் சொன்னால், "நெசமாவா அப்பா, பச்சை வீடா?" என்பாள் தர்ஷினி. எல்லாரும் சிரிப்போம். எனக்கு மட்டும் சிரிப்புக்கு நடுவில் அந்தப் பைலின் ஓரம் ஞாபகம் வரும்.

போன மாதம் பஸ்ஸில் லெட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்னும் அதே லயம்தான்.

"என்னா டீச்சர், பச்ச வீட்டுக்குக் கலரு அடிச்சாச்சா?"

பஸ்ஸில் பாதிப்பேர் அந்தத் தோட்டத்துக்காரர்கள். சிரிப்பு கடைசி சீட்வரை போனது.

"அந்தப் பேரையே மாத்தச் சொல்லி எழுதப்போறேன் அக்கா" என்றேன்.

"ஐயோ, மாத்திறாதீங்க. அன்னிக்கு ரேடியோவுல அந்தப் பேரச் சொன்னாங்க. எங்க வீட்ல எல்லாம் சத்தத்தக் கூட்டி வச்சுக் கேட்டோம். தக்காளிக்குன்னு தெரியும். தெரிஞ்சும் கேக்க நல்லாத்தான் இருந்திச்சு."

வெளியே தூறல் தொடங்கியது. சிரித்துக்கொண்டிருந்த பஸ் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.