வேணி எங்கள் வீட்டுப் பெண் அல்ல

பொன்மலை,
புதன்கிழமை காலை.

மன்னார்புரம் திரு. ஜேக்கப் அவர்கள் சமூகத்துக்கு, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சவரிராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையில் இங்கே அனைவரும் சுகம். அனைவரும் என்றால் மூன்று பேர்: நான், என் மனைவி அற்புதம்மாள், தங்கள் மகன் ரஞ்சித்துக்கு நாம் பேசி வைத்திருக்கும் என் மகள் லின்சி. நான்காவதாக ஒருவர் இந்த வீட்டில் இல்லை. வரும் வழியிலும் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் இரு வீட்டுக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு ஸ்பீடு போஸ்ட் அதிகம் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் போன் செய்தால் ‘அப்புறம் பேசுறேங்க’ என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் நான் அனுப்பிய நீண்ட விளக்கத்துக்கு இரண்டு நீலக் கோடுகளும், தாங்கள் எல்லாருக்கும் காலையில் அனுப்புகிற ரோஜாப்பூவும்தான் வந்தன. வருகிற ஞாயிறு மூன்று மணிக்குக் கல்யாணத்தை உறுதி செய்ய வருவதாக இருந்தவர்கள், ‘இப்போதைக்குத் தள்ளிப்போடுவோம்’ என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். காரணமும் என் காதுக்கு வந்தது. ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது உண்மை. அவள் பெயர் வேணி. அவள் இருப்பது டிவியில்.

முதலில் என் நிலையைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் சீரியல் பார்ப்பவன் அல்ல. ஒரு காலத்தில் பார்த்தவன். தூர்தர்ஷன் நாட்களில் ஒரு தொடர் என்றால் வாரம் ஒரு நாள், பதின்மூன்று வாரம். அதற்குள் ஒரு குடும்பம் கெட்டு, அழுது, திருந்தி, நம் கூடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். ஒர்க்‌ஷாப்புக்குள் ஒரு ரயில் பெட்டி பழுதுபார்க்க வந்தால், அது வெளியே போக வேண்டிய தேதியைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதி வைப்போம். பழைய தொடர்களில் அந்த ஒழுங்கு இருந்தது. மாமியார் மருமகள் சண்டை அப்போதும் உண்டு, ஆனால் ஆளுக்கு ஒரு தடவைதான் முறைத்துக்கொள்வார்கள். இப்போது எங்கள் வீட்டில் ஓடுகிற ‘வேணி வீட்டு விளக்கு’ ஆறு வருடமாக உள்ளேயே நிற்கிறது. ஒருத்தி ‘என்ன சொன்ன?’ என்று கேட்டால், கூடத்தில் நிற்கும் பதினோரு பேரின் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டி, ஒவ்வொரு தடவையும் இடி இடித்து, வெள்ளிக்கிழமை ஆக்கிவிடுகிறார்கள். பதில் திங்கட்கிழமை. அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் வேலைக்கு நேரமாகவில்லை. வேணி நிறைமாதம் என்று டாக்டர் சொன்னதே போன வருடம். போன தவக்காலத்தில் என் மனைவி கறிமீனோடு சீரியலையும் ஒறுத்து நாற்பது நாள் விட்டாள். ஈஸ்டருக்கு மறுநாள், ஏழு மணிக்கு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு டிவியைப் போட்டாள். வேணி அதே மாடிப்படியில், அதே பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பால் ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

லின்சி பார்ப்பது கொரியத் தொடர். பதினாறே பாகம், அளவைப் பொறுத்தவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதல் பதினைந்து பாகத்திலும் ஆணும் பெண்ணும் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பதினாறாவதில் கையைப் பிடிக்கிறார்கள். தெரியாத பாஷையில் மகள் அழுவதைப் பார்க்கும்போது, தெரிந்த பாஷையில் அழுகிற அவள் அம்மாமேல் எனக்கு மரியாதை கூடுகிறது. நான் இந்த இரண்டிலும் சேராதவன். அவர்கள் டிவி பார்க்கும் நேரத்தில் கூடத்தில் நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பேன். காலைப் பேப்பரைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் படிப்பது என் வெகுநாள் வழக்கம். வேணியின் கணவன் ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டாம் பாகத்தில் லாரி மோதிக் கோமாவுக்குப் போனது போன்ற விவரங்கள் அப்போது தானாகக் காதில் விழுந்தவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வேணியின் மாமியார் ஆனந்தவள்ளி, பாலில் விஷம் கலந்தும் காரியம் ஆகாததால், மாடிப்படியில் விளக்கெண்ணெயைக் கொட்டினாள். அந்த வாரமே என் மனைவி பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லும் கருத்துச் சீட்டு ஒன்றை எழுதிக் கோயில் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டாள்: ‘வேணிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டி, சவரிராயன் அற்புதம்மாள் குடும்பத்தார்.’ இதில் எனக்கு எள்ளளவும் பங்கில்லை என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் இப்படிச் செய்தாய் என்று பின்னால் கேட்டேன்.

‘கதைன்னு எனக்குத் தெரியாதாங்க? இருந்தாலும் வயித்துல பிள்ளை இருக்குல்ல?’ என்றாள்.

முப்பத்தைந்து வருட சர்வீஸில் எத்தனையோ மெமோவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு எழுத வரவில்லை.

ஞாயிறு முதல் பூசையில் உபதேசியார் கருத்துகளை வாசித்தார். இறந்தவர்கள் ஆறு பேர், பரீட்சை எழுதுகிறவர் ஒருவர், காணாமல்போன ஸ்கூட்டர் ஒன்று, அதற்குப் பிறகு எங்கள் வேணி. எங்கள் சாமியார் இளைஞர், இந்தக் கோயிலுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, ஏழு மணிக்கு டிவி பார்க்கிறவராகத் தெரியவில்லை. ‘அந்தச் சகோதரிக்காக எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக வேண்டுவோம்’ என்றுவிட்டார். கோயில் நிறைய ஜனம். பாதிப்பேருக்கு வேணியைத் தெரியும். மனசார வேண்டினார்கள், சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். தெரியாத பாதிப்பேர் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் லின்சி. அவளுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. மௌன ஜெபத்தில் சிரிக்கக்கூடாதே என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பக்கத்து வாசல் வழியாக வெளியே ஓடினாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிற கல்யாண வயதுப் பெண்ணுக்கு நம் ஜனங்கள் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருக்கிறார்கள். நாலு பெஞ்சு தள்ளித் தங்கள் அக்கா பிரான்சி அவர்கள் முழங்காலில் இருந்தார்கள். மானத்துக்குப் பயந்து பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். டிவியில் ஜெபமாலையைத் தவிர வேறெதுவும் பார்க்காத ஒரு புண்ணியவதி பொன்மலையில் உண்டென்றால் அது அவர்கள்தான். துரதிர்ஷ்டம், பெண் எடுக்கப்போகிற வீட்டின் அத்தையும் அவர்களேதான்.

மறுநாள் சாயங்காலம் ஏழேகாலுக்கு எங்கள் தெரு அன்பிய ஜெபக்குழுப் பெண்கள் மூன்று பேர், தங்கள் அக்கா தலைமையில், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ், நாலு புளிப்பு மாங்காய், வேளாங்கண்ணி மாதா எண்ணெய் சகிதம் வீட்டுக்கு வந்தார்கள். டிவிக்கு முதுகைக் காட்டி சோபாவில் உட்கார்ந்தார்கள். லின்சி டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். இந்த அம்மாளும் ஒருவழியாக வேணிக் கதைக்கு வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் என் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினாள். என் காதில் விழுந்ததை அப்படியே தருகிறேன்.

‘எத்தனை மாசம் அற்புதம்?’

‘பதினாலு முடிஞ்சிருச்சுக்கா.’

‘பதினாலு வாரமா?’

‘மாசம்க்கா, மாசம். ஊரே எண்ணிக்கிட்டு இருக்கே.’

பிரான்சி அவர்கள் மற்ற இருவரையும் பார்த்தார்கள். துக்கத்தில் என் மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அந்த இடத்தில் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, ‘பிள்ளையோட அப்பனுக்குத் தெரியுமா?’ என்றார்கள்.

‘அவனுக்கு என்னக்கா தெரியும்? அவன் கோமாவுல கிடக்கான். ரெண்டாவது பொண்டாட்டில்ல கூட இருந்து பார்த்துக்கிறா.’

‘சேசுவே!’

‘நீங்க வேற. மாமியாக்காரி பால்ல விஷம் வெச்சிட்டாக்கா. வாயெல்லாம் சிரிப்பு, மனசெல்லாம் நஞ்சு. அவளை ஜெயிலுக்கு அனுப்பிட்டுத்தான் நான் மறுவேலை பாப்பேன்!’

அப்போது நான் குறுக்கிட்டிருக்க வேண்டும் என்று தாங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் பேப்பரில் ஒரு முக்கியமான கட்டம். தலையை நிமிர்த்தினேன், ஹார்லிக்ஸ் இருந்தது, ஆட்களைக் காணோம். மாமியார் என்று என் மனைவி சொன்னது தங்கள் துணைவியாரை என்றே தங்கள் அக்கா எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஐயா, பாலில் விஷம் கலந்தவள் ஆனந்தவள்ளி. நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்த அன்று தங்கள் துணைவியார் கொடுத்த காபியை நான் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். சந்தேகப்படுகிறவன் செய்கிற காரியமா அது?

இதைச் சரிசெய்ய நான் ஒன்று செய்தேன். அடுத்த ஞாயிறு பூசையில் வாசிக்க ஒரு அறிவிப்பு எழுதினேன்: ‘சென்ற வாரம் ஜெபிக்கப்பட்ட வேணி என்பவர் சவரிராயன் வீட்டுப் பெண் அல்ல. அவருக்கும் இக்குடும்பத்துக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.’ என் ஒர்க்‌ஷாப் சிநேகிதர் ஷேக் தாவூது அதைப் படித்துவிட்டு, ‘அண்ணே, சீரியல்னு ஒரு வார்த்தை சேர்த்துருங்கண்ணே’ என்றார். பீடத்தருகே சீரியல் பெயரை வாசிப்பது மரியாதையில்லை என்று நான் சேர்க்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கோவத்துல தலைமுழுகாத சவரி. பெத்த பொண்ணுப்பா. கூப்புட்டு வெச்சுக்க’ என்று அழுதார். இன்னொரு அம்மாள், தன் தங்கைக்குப் பத்து வருடமாகப் பிள்ளை இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். செய்தி காவிரிப் பாலத்தையும் தாண்டிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ரஞ்சித் வேலை பார்க்கிற பேங்க் கவுன்டரில் ஒரு வாடிக்கையாளர் அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாராம்.

சிரிப்புக்கு இடம் இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. முதல் நாள் சிரித்தவள் லின்சிதான். இப்போது அவள் சிரிப்பதில்லை. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறாள், சாப்பிடுகிறாள், நோட்டுத் திருத்துகிறாள். போன் கவிழ்ந்து கிடக்கிறது. அவளுடைய கொரியாக்காரர்கள் பதினைந்தாம் பாகத்தோடு நிற்கிறார்கள். நேற்று, ‘ஏம்மா, இன்னும் ஒண்ணுதானே? பார்த்து முடிச்சிரலாமே’ என்றேன்.

‘அவங்க சேருவாங்கப்பா. அதைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகுது?’ என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, ‘ரஞ்சித் என்னை நம்புறாருப்பா. அவங்கம்மாதான் நாலு நாளா சரியா சாப்பிடலையாம், விஷம் வெக்கிறவள்னு சொல்லிட்டாங்களேன்னு’ என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் வருத்தப்பட்டது தங்கள் துணைவியாருக்காக என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட மருமகள் எந்தச் சேனலிலும் கிடையாது.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தள்ளிப்போட வேண்டாம். பேசியபடி இந்த ஞாயிறு, சரியாக மூன்று மணிக்கு, குடும்பத்தோடு வாருங்கள். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, மூன்று பேர்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். டிவி ஒயரை நானே பிடுங்கி வைத்துவிடுவேன். பெற்ற மகளின் வாழ்க்கையைவிட எந்தத் தொடரும் ஒரு தகப்பனுக்குப் பெரிதல்ல. தங்கள் அக்கா கொண்டுவந்த மாங்காயை ஊறுகாய் போட்டிருக்கிறோம், நன்றாக வந்திருக்கிறது.

தங்களுக்கும் துணைவியாருக்கும் என் வணக்கம். ரஞ்சித்துக்கு என் ஆசீர்வாதம். பிரான்சி அவர்களின் ஜெபத்தில் எங்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும், பெயர் சொல்லாமல். மாதாவின் காவல் தங்கள் வீட்டின் மேல் எந்நாளும் இருக்க வேண்டுகிற,

தங்கள் சம்பந்தியாக விரும்பும்,
சவரிராயன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டாள். இரண்டு திருத்தம் சொல்கிறாள். ஒன்று, உபதேசியாரிடம் போன சீட்டில் இருப்பது என்னுடைய கையெழுத்து. மனதுக்குள் வேண்டிக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாளாம். ‘எண்ணெய் கொட்டினப்புறம் மனசுக்குள்ள வேண்டினா போதாது, பூசைக்கே கொடுத்துருவோம்’ என்று பேனாவை எடுத்தது நானாம். சீட்டு உபதேசியாரிடம் பத்திரமாக இருப்பதால் மறுப்பதற்கில்லை. இரண்டு, இந்த ஞாயிறு இரண்டரையிலிருந்து ஐந்து வரை வேணி வீட்டு விளக்கு சிறப்பு ஒளிபரப்பு. பிரசவம் அன்றைக்குத்தான். ஆகவே மூன்று மணிக்கு வர வேண்டாம். ஐந்தரைக்கு வாருங்கள். அல்லது, இப்போது எழுதும்போதே தோன்றுகிறது, இரண்டு மணிக்கே எல்லாருமாக வந்துவிடுங்கள். பிரான்சி அவர்களை டிவிக்கு நேர் எதிரே உட்காரவைப்போம். பிள்ளை யாருக்குப் பிறக்கிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டால் எனக்கு இன்னொரு அறிவிப்பு எழுதும் வேலை மிச்சம். ஒயரைப் பிடுங்குவது பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். முன்கதை தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம், நானே சொல்கிறேன். முதல் பாகத்திலிருந்து வேண்டுமென்றால் மட்டும் சனிக்கிழமையே வந்துவிடுவது நல்லது.