கெளுத்திக்கு மூளை உண்டு

"மூணாவது வாத்தும் போச்சு!" என்று கரையிலிருந்து டெசாங்கா போட்ட கூச்சல், நடு டான்யூபில் படகிலிருந்த அவள் கணவன் விடோயேவின் காதில் நன்றாகவே விழுந்தது. விழாதது போல் உட்கார்ந்திருந்தார்.

முதல் வாத்தை விழுங்கியது கெளுத்திதான். இருவரும் கண்ணால் பார்த்தார்கள். ஆளைவிட நீளமான மீன், முழங்கால் தண்ணீர்வரை ஓசையில்லாமல் வந்து, ஒரே வாயில் முடித்துவிட்டுப் போனது. எல்லாம் மகள் கல்யாண விருந்துக்காக வளர்த்த வாத்துகள்!

"அதைப் பிடிச்சுட்டுத்தான் மறுவேலை" என்று விடோயே பூச்காவை எடுத்தார். அந்த வளைந்த கட்டையால் தண்ணீரை 'டுபுக், டுபுக்' என்று அடித்தால், அடியில் படுத்திருக்கும் கெளுத்திக்குப் பொறுக்காது, மேலே வந்துவிடும். ஆனால் அவர் அடித்த நாளெல்லாம் கெளுத்தி வரவில்லை. கோரைப்பக்கம் மேயும் வாத்துகளில்தான் ஒன்று குறைந்தது.

"அதுக்கு மூளை இருக்குண்ணே" என்றார் பக்கத்து வீட்டு ஸ்ரேத்தன். "உங்க சத்தம் பழகிடுச்சு. நீங்க நடு ஆத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு நேரா கரைக்கு வருது. என் பூச்காவால அடிச்சுப் பாருங்க."

அடித்தார். நாலாவது வாத்து போனது.

"அப்போ உங்க மூஞ்சிய ஞாபகம் வச்சிருக்கு."

மறுநாள் விடோயே டெசாங்காவின் பூப்போட்ட முக்காட்டைக் கட்டிக்கொண்டு போனார். அந்த வழியாகப் போன படகுக்காரர்கள் சீட்டியடித்தார்கள். ஐந்தாவது வாத்தும் போனது.

"மீனுக்கு மூளை இருக்கு, சரி. இந்த வீட்ல யாருக்கு இருக்கு?" என்றாள் டெசாங்கா. "ஞாயித்துக்கிழமை படகை விக்கிறோம்."

வீட்டை விற்கச் சொல்லியிருந்தால்கூட விடோயே தாங்கியிருப்பார்.

ஸ்ரேத்தன்தான் ஓடி வந்தார். "அண்ணி, படகை மட்டும் வித்துடாதீங்க! பாவம், அண்ணனுக்கு வேற என்ன சந்தோஷம்? நாளைக்கு ஒரே ஒரு தடவை போகட்டும்." சொல்லும்போது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

டெசாங்கா அரை மனதாகத் தலையாட்டினாள். இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரன் யாருக்கு வாய்ப்பான் என்று விடோயே நெகிழ்ந்து போனார். அவர் வாசல்வரை கூடவே போய் ஸ்ரேத்தனை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்.

வேலியோரம் நெவெனா நின்றிருந்தாள். ஸ்ரேத்தன் வீட்டுக்குப் போன வாரம்தான் மருமகளாக வந்த வெளியூர்ப் பெண், மரியாதை தெரிந்தவள்.

"பெரியப்பா, நாளைக்கு எத்தனை மணிக்கு டுபுக் டுபுக்னு அடிப்பீங்க?" என்று கூச்சத்தோடு கேட்டாள். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்க மாமனார் வாத்து கொண்டுவரக் கிளம்புறாரு. முன்னாடியே தெரிஞ்சா, நான் வெங்காயத்தை நறுக்கி வச்சுக்குவேன்."