கச்சான் காற்றும் என் முதுகும்

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். முதுகில் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். டாக்டரே “தாராளமா ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டார். ஆனால் டாக்டருக்கும் மேலே ஒரு அதிகாரி என் வீட்டில் இருக்கிறாள். பெயர் சந்தனமாரி. சைக்கிள் சாவி அவளுடைய கடுகு டப்பாவில் இருந்தது.

“ஏளா, சாவியக் குடு.”

“தாரேன். துறைமுகக் கடற்கரை வரைக்கும் போய்ட்டு, எறங்காம ஓட்டியே திரும்பி வரணும். வந்தா சாவி இனிமே ஒங்களுக்குத்தான். எடையில எறங்குனா சைக்கிள் என் தம்பி லிங்கராஜுக்கு.”

“இவ்வளவுதானா? விடியக்காலமே கெளம்புதேன்!”

“வெறும் வயித்தோடயா? இட்லி சாப்பிட்டு பத்து மணிக்குப் போங்க.”

இவ்வளவு பாசமா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பினேன். அடேயப்பா! மிதிக்கவே வேண்டாம், வண்டி தானாகப் பறந்தது. இரண்டு பக்கமும் உப்பளங்கள் ஓடின. மொபெட்டில் மீன் கூடையோடு போன கிளாடிஸ் அக்காவையே முந்திவிட்டேன். “ஆபரேஷன் பண்ணுன ஆளாய்யா நீரு!” என்று கத்தினாள். சந்தோஷம் தாங்காமல் மணியை அடித்துக்கொண்டே போனேன். கடற்கரை வந்ததும் சீட்டை விட்டு இறங்காமலே போன் போட்டேன்.

“ஏளா, எனக்குப் பதினெட்டு வயசு திரும்பிட்டு!”

“ரொம்ப சந்தோசம். இப்ப வண்டியத் திருப்புங்க.”

திருப்பினேன். ஆனி மாதத்து மேல்காற்று, அதாவது கச்சான், முகத்தில் ஓங்கி அறைந்தது. அதுவரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்ததும் இதே ஆசாமிதான் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்று மிதித்தேன். வண்டி நகரவில்லை. வாய் நிறைய மணல். இறங்கிவிட்டேன்.

எதிரே உடைமரத்தடியில் ஒரு லோடு ஆட்டோ. உள்ளே லிங்கராஜ்.

“வாங்கத்தான். பத்தரைக்கு இங்கன வந்து நிக்கச் சொல்லிட்டா அக்கா.”

ஆட்டோவின் பின்னால் பாய் விரித்திருந்தது. அதில் என்னுடைய தலையணை!

மறுபடி போன் போட்டேன். “காத்து இப்படி அடிக்கும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பதினஞ்சு வருசமா மொட்டமாடில துணி காயப்போடுதேன். பத்து மணிக்கு மேல ஒங்க வேட்டி எந்தப் பக்கம் பறக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாளு மேல ஏறியிருந்தா ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

சைக்கிளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், முதுகு துளிகூட வலிக்கவில்லை. அதை வெளியே சொன்னால் துவைத்த துணி வாளி என் கைக்கு வந்துவிடுமே! வழி நெடுக முனகிக்கொண்டே வந்தேன்.

வாசலில் சந்தனமாரி ஈரத்துணி வாளியோடு நின்றாள்.

“பதினெட்டு வயசுதானே? மாடிக்குக் கொண்டு போங்க.”