சீஸ் கடைக்கு நான் எழுதிய அட்டைகள்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் இப்போது சொல்லாதே, தாங்கும் நிலையில் நான் இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது. உன் மாடி அறையில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டு ஒரு கட்டில் போட்டு வை. அடுத்த வாரம் வந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை இருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு சீஸ் கடை வைத்தது உனக்குத் தெரியும். கடை கீழே, வீடு மேலே. சும்மா இருக்கும் மாமனாருக்கு ஒரு வேலை கொடுப்போமே என்று நல்ல மனதோடு ஒரு கட்டு வெற்று அட்டையைக் கையில் கொடுத்து, "மாமா, ஒவ்வொண்ணுக்கும் பேரு, எத்தனை மாசம் பழுத்தது, விலை. இந்த மூணு மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றார். அகராதி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் சொல்லட்டை எழுதியவன் கையில் அட்டையைக் கொடுக்கலாமா? அதே அளவு, அதே வெளிர்மஞ்சள். பெயரை எழுதியதும் கை தானாக வேர்ச்சொல்லுக்குப் போய்விட்டது. விலைக்கு இடமே இல்லை.

பிறகு ஆரம்பித்தது அழிவு. ரிக்கோட்டாவுக்கு 'இத்தாலியச் சொல், மறுபடி காய்ச்சியது என்று பொருள்' என்று உள்ளதைத்தான் எழுதினேன், எதிர்க்கடைத் தையல்கார அம்மாள் படித்துவிட்டு "நேத்து மிஞ்சினதையா சூடு பண்ணி விக்கிறீங்க?" என்று கேட்க, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், "நேத்து மிஞ்சினது இல்லம்மா, சீஸ் எடுத்தப்புறம் மிஞ்சின தண்ணிய" என்று விளக்கினேன், அவர் அதைத் தெருவுக்கே விளக்கிவிட்டார். ஃபெட்டா என்றால் துண்டு, மொஸரெல்லாவின் வேர் வெட்டுவது, சீஸுக்கு இத்தாலியப் பெயரான ஃபொர்மாஜ்ஜோவின் வேர் அச்சு என்று வரிசையாகப் படித்த ஒரு வாத்தியார், "திங்கற மாதிரி ஒரு பேரு கூடவா இல்ல?" என்று வெறுங்கையோடு போனார். மருந்துக்கடைக்காரருக்கு சீஸ் ஆகாது, பாவம், வெண்ணெய் வாங்கத்தான் வந்தார், பட்டர் என்ற சொல் கிரேக்கத்தில் 'பசுவின் சீஸ்' என்று பிறந்தது என்ற அட்டையைப் பார்த்து, "அப்ப இத்தனை வருஷமா நான் என்னத்தத் தின்னேன்?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள்தான் தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

அதோடு விட்டேனா? வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் 'பாலாடைக்கட்டி'. ஆடை என்பது காய்ச்சிய பாலின் மேலே படிவது. இதுவோ பாலைத் திரித்து, நீரை வடித்து, அழுத்தியது. தப்பான பெயருக்குக் கீழே தினம் எப்படிப் போய்வருவது? 'குறிப்பு: இதில் பாலாடை கிடையாது' என்று ஓர் அட்டை எழுதிப் பலகைக்கு அடியில் ஒட்டினேன். என் போதாத காலம், அன்றைக்கே உணவு ஆய்வாளர் வந்தார். "போர்டுல இருக்கறது உள்ள இல்லன்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே!" என்று சொல்லி, சோதனை முடியும்வரை கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

மூன்று நாளாக நான் மாடியை விட்டு இறங்கவில்லை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை திட்டினால் கூடப் பரவாயில்லை. தட்டை எடுத்து வந்து "சாப்பிடுங்க மாமா" என்கிறார். அதுதான் தாங்கவில்லையடா. ஒரு மனுஷன் உத்தியோகத்தை விட்டு ஆசையாக வைத்த கடையை அட்டை எழுதியே மூடினவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். கடை கிடை வைத்தால் எனக்குச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
எங்கும் உதவாத உன் அண்ணன்

பி.கு: உறையை ஒட்டக் கோந்து எடுக்கக் கீழே போனேன். கடை திறந்திருக்கிறது! சோதனையில் குறையொன்றும் இல்லையாம். வாசல் குறிப்பை மட்டும் ஆய்வாளர் கிழிக்கச் சொன்னாராம். என் அட்டைகள் அப்படியே இருக்கின்றன, மூலையில் மாப்பிள்ளை விலையை இடுக்கி எழுதியிருக்கிறார். தையல்கார அம்மாள் யாரையோ கூட்டி வந்து படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி. அதன் முதுகில் ஓர் அட்டை, மாப்பிள்ளையின் கோணல் எழுத்தில்: 'மாமா. எழுபத்தொரு வருஷம் பழுத்தது. விற்பனைக்கு இல்லை.'

வேர்ச்சொல் போடவில்லை. நானும் திருத்தவில்லை. மாடி அறைச் சாமான்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.