முன்வாசல் சாத்தியிருக்கிறது

குளுவாங், ஜொகூர்
1918 நவம்பர்

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் சுப்ஹான் அவர்களுக்கு, குளுவாங் சாப்பாட்டுக்கடை கபீர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்குவது முறை. உண்மையாகவே நலமாக இருப்பதால் அதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி இந்த ஊரில் நான் பட்டது போதும்.

என் உடம்பை விசாரிக்கக் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து ரயிலேறி வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் தங்கை பரக்கத் நிஷாவுக்கு இது ஏழாவது மாதம். இந்த இன்புளுவென்சா காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சிகளைத்தான் அதிகம் கொண்டுபோகிறது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஜெயபாலன் சொன்னார். அவர் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை உங்கள் கையிலிருந்து வாங்கியவன் நான். பத்திரமாகத் திருப்பிக் காட்ட வேண்டியவனும் நான்.

டிரெஸர் இதை எங்கே சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன். மக்கள் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று சர்க்கார் அறிவிப்பு ஒன்றை ரயில்வே ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதை வாசித்துச் சொல்ல அவர் வந்தார். கேட்பதற்காகக் கடைத்தெரு முழுவதும் கூடியது. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லையாம், எல்லோரையும் இன்னும் நெருங்கி வரச் சொன்னார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கேட்டோம். விலகி நிற்க வேண்டும் என்ற வரியை மட்டும் ஜனங்கள் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

அடுத்த நாள் என் கடையில் காய்ந்த மிளகாய் வறுத்தார்கள். நெடி ஏறி நான் இருமினேன். குற்றம் அவ்வளவுதான். அந்த நேரத்தில் வண்டிக்கார அய்யாவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கித்தா ரப்பர்த் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போகிறவர். அவர் வண்டியில் அரிசி போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மாலைக்குள் என்னைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளியை விசாரிக்காமல் இருப்பது மனிதத்தன்மை இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததே. மண்ணும் சேறும் மிதித்து நடந்து வந்தவர்களுக்கு முன்னால் நான் கல்லாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? ஒருவர் முகம் உண்மையிலேயே வாடிப்போயிற்று. ஆகவே படுத்தேன். படுத்தபின் போர்த்தினேன். போர்த்தியதால் வியர்த்தது. வியர்வையைத் தொட்டுப் பார்த்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒருவர் கற்பூரத்தைத் துணியில் முடிந்து என் கழுத்தில் கட்டினார், ஒருவர் வேப்பெண்ணெயை மூக்கில் விட்டார், பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து வந்த மலாய்க்காரர் எலுமிச்சைத் தண்ணீரை ஓதித் தெளித்தார். எல்லோரும் என் முகத்துக்கு நேரே குனிந்து நன்றாக இருமிவிட்டு, "ஒங்களுக்கு எப்படிங்க இருக்கு?" என்றார்கள். உங்கள் தங்கை திரைக்குப் பின்னால் நின்று அத்தனை பேருக்கும் கோப்பி கலக்கினாள்.

அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. கடையை மூடினேன், வீட்டு முன்வாசல் கதவையும் சாத்தினேன். வெளியே ஒரு பலகையில் "உள்ளே நோய் இருக்கிறது, யாரும் வர வேண்டாம்" என்று எழுதித் தொங்கவிட்டேன். நோய் இருக்கிறதாமே என்று முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். பலகையைத் திருப்பி, "உள்ளே யாவரும் நலம்" என்று எழுதினேன். இப்படிப் பலகை போட்டுச் சொல்லும்படி என்ன நடந்துவிட்டது என்று கேட்க மற்றவர்களும் வந்தார்கள். பலகையைக் கழற்றினேன். பலகையே இல்லையே, முடிந்துவிட்டதா என்று இரண்டு பேர் சந்தனமும் ஊதுபத்தியும் வாங்கி வந்துவிட்டார்கள்.

இதற்குள் அய்யாவு சன்னலுக்கு வெளியே பெஞ்சு ஒன்றைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இருமல் செய்தியைப் பரப்பியவர் என்ற பொறுப்பு அவருக்கு இருக்கிறது.

"பாய், கதவத் தெறங்க. மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடுறேன்."

"நான் நல்லாத்தான் இருக்கேன் அய்யாவு. வீட்டுக்குப் போ."

"கதவச் சாத்திக்கிட்டு நல்லாருக்கேன்னா யாரு பாய் நம்புவா? அந்தக் கூலாய் ஊருக்காரரும் இப்படித்தான் சொன்னாரு."

"எந்தக் கூலாய்க்காரரு? அவருக்கு என்ன ஆச்சு?"

"அதத்தான் இப்ப ஒங்ககிட்ட சொல்லலாமான்னு யோசிக்கிறேன்."

மச்சான், இந்தப் பேச்சு காலையிலும் நடக்கிறது, மாலையிலும் நடக்கிறது. கூலாய்க்காரருக்கு என்ன ஆயிற்று என்று இதுவரை எனக்குத் தெரியாது.

காவலை நான் குறைவாகச் செய்யவில்லை. இத்தனை பேர் இருமலை வாங்கியவன் என்பதால் உள்ளே போவதே இல்லை. முன்னறை பெஞ்சில்தான் படுக்கை. நிஷா திரைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தட்டைத் திரைக்கு அடியில் தள்ளிவிடுவாள், சாப்பிட்டுவிட்டு நானே கழுவித் திருப்பித் தள்ளுவேன். சாம்பிராணி போட்டுப் போட்டு எனக்கே கண் தெரியவில்லை. நடுவில் சில வேளை நம் குடும்பத்தில் யாரும் வைத்தறியாத ரசம் ஒன்று வந்தது. பெருங்காயம் மணக்கத் தாளித்த மிளகு ரசம். "இது என்ன புதுசா?" என்று கேட்டேன். பதிலுக்குத் திரைக்கு அடியில் இன்னொரு கிண்ணம் ரசம் வந்தது. காய்ச்சல் காலத்து மருந்தாக்கும் என்று நினைத்துக் குடித்தேன். காவலில் இருப்பவன் ருசி பார்க்கக் கூடாது.

ஆக, இந்த ஊரில் நோய் நுழையாத வீடு ஒன்று உண்டென்றால் அது நம் வீடுதான். ஒரு மனிதன் தன் வீட்டாரிடம் வைக்கக்கூடிய அன்பெல்லாம் ஒரு தாழ்ப்பாளில் இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டேன். நீங்கள் வந்தால் அதைத் திறக்க வேண்டிவரும். திறந்தால் உங்கள் பின்னால் அய்யாவும் வருவார். அதனால் வர வேண்டாம். கோபம் வேண்டாம். குழந்தை பிறந்ததும் தந்தி அடிக்கிறேன். உங்கள் வீட்டில் சிறியவர்களுக்கு என் துஆ, பெரியவர்களுக்கு என் சலாம். ஒருவரையும் தொடாமல் தெரிவிக்கவும்.

இப்படிக்கு
தங்கள் மைத்துனன்
கபீர்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் இதைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். தாழ்ப்பாள் வரியில் அவள் சிரித்தாள். ஏன் என்று கேட்டேன். பின்வீட்டில் இருக்கும் செல்லமும், அவள் புருஷன் ரயில்வே கூலி அர்ச்சுனனும் ஒரே நேரத்தில் காய்ச்சலில் விழுந்தார்களாம். "தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. நீங்க முன்வாசலச் சாத்துனன்னைக்கே நான் பின்வாசல்ல கஞ்சி கொண்டு போக ஆரம்பிச்சிட்டேன்" என்றாள். "ஒனக்கு வந்திருந்தா?" என்றேன். "வந்துச்சே. நீங்க சன்னல்ல அய்யாவுகிட்ட நல்லாருக்கோம்னு சண்ட போட்டப்ப நான் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். செல்லம் எந்திரிச்சு வந்து என்னப் பாத்துக்கிட்டா. ஒங்களுக்கு ரசம் வச்சதும் அவதான்." டிரெஸரும் பின்வாசல் வழியாகவே வந்து பார்த்தாராம். தாயும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்றாராம். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா பின்வாசலையும் சாத்தியிருப்பீங்க" என்றாள். உண்மைதான் மச்சான், சாத்தியிருப்பேன்.

நானாவை, அண்ணன் உங்களைத்தான், பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்கிறாள். மேலே வர வேண்டாம் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் வாருங்கள் என்று வாசித்துக்கொள்ளவும். பின்வாசல் வழியாக வரவும். முன்வாசலில் அய்யாவு உட்கார்ந்திருக்கிறார்.