அம்மையாரின் அவனும் நம்மவரின் இன்ஜினும்

அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத நம்மவர், ஒரு சனிக்கிழமை காலை நேரே அங்கே போய் நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார்.

"நான் கேக் சுடணும்."

மாவு சலித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தக் கடையிலேருந்து?"

"திருடறது இல்லம்மா. நிஜமாவே சுடறது. எனக்குக் கத்துக்கொடு."

சல்லடை நின்றது. அம்மையார் நம்மவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கலாமேன்னுதான். நீ ஒருத்தியா எவ்வளவுதான் செய்வே?"

"இத்தனை வருஷம் கழிச்சு இந்தக் கேள்வி வந்திருக்கு. வழியில டிராஃபிக்கா?"

நம்மவர் சிரித்து மழுப்பினார். அவர் மனதில் இருந்தது கேக் அல்ல, அவன்.

அவன் யாரென்று சொல்லிவிட வேண்டும். அவன் என்றால் கேக் சுடும் மின்சார அடுப்பு. அம்மையார் வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவர். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது அது. கல்யாணமான புதிதில் அம்மையார் ஃபோனில் யாரிடமோ, "அவன் இல்லேன்னா எனக்குப் பொழப்பே இல்ல" என்று உருகியதைக் கேட்டுவிட்டு நம்மவர் ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். விஷயம் புரிந்த பிறகும் பொறாமை முழுதாகப் போகவில்லை.

அவனைத் தொடும் உரிமை நம்மவருக்குக் கிடையாது. ஒரு மழை நாளில் ஈரச் சாக்ஸை அதற்குள் வைத்துக் காயப்போட்டார். அன்றைய கேக்கை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தை ஒரு வாய் கடித்துவிட்டு, "அப்பா வாசனை வருது" என்றதாம். அன்று விழுந்த தடை இன்றுவரை அமலில் இருக்கிறது.

இப்போது அந்தத் தடையை உடைத்தே ஆக வேண்டும். காரணம், கொட்டகையில் பாதி கட்டிய நிலையில் கிடக்கும் இன்ஜின்.

நம்மவரிடம் ஒரு பழைய கார் உண்டு. உருண்டையான கார். இன்ஜின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெரிய விசிறி ஒன்று சுற்றிக் காற்றாலேயே குளிர்ந்துகொள்ளும். தண்ணீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருப்பவருக்குத் தண்ணீரே வேண்டாத இன்ஜின்மேல் காதல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது எப்போதோ மூச்சை நிறுத்திவிட்டது. வண்டி தார்ப்பாய்க்கு அடியில் தூங்கியது.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் கப்பல் மாதிரி ஒரு புதுக் கார் வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன சார், இது தார்ப்பாய் போட்ட காரா, இல்ல கார் வச்ச தார்ப்பாயா?"

நம்மவருக்குச் சுருக்கென்றது. "அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. மலை ரோடு. உச்சியில இருக்கிற ஹோட்டலுக்கு யாரு முதல்ல போறாங்கன்னு பாத்துடலாம், டாக்டர்!" என்று சொல்லிவிட்டார். வாய் தன் வேலையை முடித்துவிட்டது. மீதி வேலை கைக்கு.

ரோஷம் மட்டும் காரணமில்லை. அலுவலகத்தில் காலம் காலமாக முத்திரை குத்துகிறவர் அவர். அவர் கை பட்ட எதுவும் இதுவரை நகர்ந்ததில்லை, கோப்புகள் உட்பட. சாவதற்குள் தன் கையால் செய்த ஒன்று உறுமிக்கொண்டு ஓட வேண்டும், அதைத் தானே ஓட்ட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஏக்கம் இருந்தது. அதனால் சாதாரண இன்ஜின் போதாது என்று முடிவு செய்தார். பெரிய சிலிண்டர், பெரிய பிஸ்டன், இரண்டு கார்புரேட்டர் என்று துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார்.

எல்லாம் ஒழுங்காகப் போனது, பல்சக்கரம் வரும்வரை. கிராங்க் என்கிற தண்டின்மேல் அந்தப் பல்சக்கரம் ஏற வேண்டும். லேசில் ஏறாது. சக்கரத்தைச் சூடாக்கினால் அதன் துளை ஒரு மயிரிழை விரியும். தண்டைக் குளிர வைத்தால் ஒரு மயிரிழை சுருங்கும். அந்த நேரம் பார்த்துச் சட்டென்று மாட்டிவிட வேண்டும். ஆக, சக்கரத்துக்கு அவன் வேண்டும், தண்டுக்கு ஃப்ரீசர் வேண்டும், பிஸ்டன் நான்கும் ஒரே எடையா என்று பார்க்க அம்மையாரின் தராசு வேண்டும்.

கொட்டகையில் இன்ஜின் கட்டுவது ஊருக்கே தெரியும். அது அடுப்பங்கரைக்குள் வரப்போவது மட்டும்தான் ரகசியம்.

அம்மையார் தடையைத் தளர்த்தினார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது நம்மவருக்கே கொஞ்சம் உதைத்தது. ஆனாலும் கிடைத்தவரை லாபம் என்று ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். மாவு, சர்க்கரை, வெண்ணெய் என்று கற்றார். பிஸ்டனை எடை போடும் சிரத்தையோடு மாவை எடை போட்டார். முதல் கேக் செங்கல்லாக வந்தது. இரண்டாவது பள்ளமாக வந்தது. மூன்றாவது கேக்கை வெட்டி வாயில் போட்ட அம்மையார் இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஓரிரு ஆர்டர் கேக்கும் நம்மவர் கைக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை நம்மவர் காத்திருந்த வரம் தானாகவே கிடைத்தது.

"நான் அக்காகிட்ட போயிட்டு வரேன். ஆர்டர் கேக் ஒண்ணு இருக்கு. பாத்துக்குவீங்களா?"

"தாராளமா போ. அவசரமே இல்ல. அக்காவைக் கேட்டதாச் சொல்லு."

"சொல்றேன்."

கதவு சாத்தியதுதான் தாமதம். கேக் மேல்தட்டில், பல்சக்கரம் கீழ்த்தட்டில். இரண்டுக்கும் ஒரே சூடு போதும் என்பது ஆண்டவன் கருணை. முந்தின நாளே துண்டில் சுற்றி ஃப்ரீசரில் ஒளித்து வைத்த கிராங்க்கை வெளியே எடுத்தார். சில்லென்று இருந்தது. இடுக்கியால் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிய அதே நொடி வாசல் மணி அடித்தது. பதறிப்போய்ச் சக்கரத்தைத் தண்டில் மாட்டினார். 'ணங்'. கச்சிதமாக உட்கார்ந்தது. கிராங்க்கைத் துண்டில் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"கைப்பையை மறந்துட்டேன். என்னங்க இது வாசனை?"

"வெனிலா."

"வெனிலாவுல இன்ஜின் ஆயில் வாசனை வருமா?"

"நல்ல வெனிலாவுல வரும்."

"ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

"கேக் பொங்கிச்சு."

"'ணங்'குன்னா?"

"நல்லாப் பொங்கிச்சு."

அம்மையார் பையை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் நம்மவரின் மூக்கில் இருந்த கரியைத் துடைத்துவிட்டுப் போனார். பாவம், அப்பாவி, ஒன்றும் தெரியவில்லை என்று நம்மவர் இரக்கப்பட்டார்.

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் இடி விழுந்தது. பல்சக்கரத்தின் ஒரு முகத்தில் மட்டும் இரண்டு புள்ளிகள் இருக்கும். அவை வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை. அவசரத்தில் திருப்பி மாட்டியிருக்கிறார். ஆறிப்போன சக்கரம் அசையுமா? தம் கட்டி இழுத்தார். இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

சக்கரம் கழற்றும் கருவி அந்தத் தெருவில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. புதுக் காரோடு ஒரு பெரிய கருவிப் பெட்டியும் வாங்கி, பிரிக்காமலே அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தவர். நம்மவர் மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் படி ஏறினார்.

"டாக்டர், ஒரு பல்லைக் கழட்டணும்."

"எந்தப் பல்லு?"

"பல்சக்கரம்."

"மயக்க ஊசி போடணுமா?"

"எனக்குப் போடுங்க."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் நல்ல மனிதர். கருவியோடு வந்து, "வலிக்காது, வாயைத் திறங்க" என்று கிராங்க்கிடம் சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"ஃபீஸ் எவ்வளவு டாக்டர்?"

"பணம் வேணாம். அந்தப் பந்தய ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் பொண்ணுக்குப் பிறந்தநாள். ஒரு கேக் கேக்கலாமா?"

"பல் டாக்டரே கேக் கேக்கலாமா?"

"அப்பதானே நாலு பல்லு சொத்தையாகும்? ஆனா நீங்க சுட்டதா இருக்கணும் சார். முந்தாநாள் ஒண்ணு வாங்கினோம். உங்க வீட்டம்மா சுடறதைவிட..."

"மெதுவாப் பேசுங்க டாக்டர்! குடும்பம் நடத்தணும்."

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த நாளும் அம்மையார் அக்காவிடம் போனார். சக்கரம் மறுபடி அவனுக்குள் போனது, இந்த முறை புள்ளி வெளியே தெரிய ஏறியது. அதன் பிறகு அம்மையார் அடிக்கடி அக்காவிடம் போகத் தொடங்கினார். அக்கா தங்கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நம்மவர் மெச்சிக்கொண்டார். ஆர்டர்கள் பெருகின. நம்மவர் ஒரு கையால் கிரீம் அடித்தார், மறு கையால் நட்டு முடுக்கினார்.

கடைசியாக சிலிண்டர்களின் மூடிகளைப் பொருத்தும்போது அம்மையார் டார்ச் பிடித்தார்.

"இது என்னங்க?"

"இதுக்குப் பேர் ஹெட். இந்த இன்ஜினுக்கு ரெண்டு ஹெட். ரெண்டுக்கும் சமமா இறுக்கம் கொடுக்கணும். இல்லேன்னா கோளாறு."

"ஒரு வண்டிக்கு ரெண்டு ஹெட்டா? சண்டை வராது?"

"நம்ம வீட்டுல வருதா?"

"நம்ம வீட்டுல ஏது ரெண்டு?"

நம்மவர் நட்டை முடுக்கினார்.

வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டுவந்து பின்னால் மாட்டியதும், இன்ஜின் முதல் சாவியிலேயே உறுமியது. விசிறி சுழன்ற வேகத்தில் கொட்டகையில் மாட்டியிருந்த காலண்டர் படபடத்தது. நம்மவர் அழுதுவிட்டார். வெட்கப்படவில்லை, அங்கேயே நின்று அழுதார். அம்மையார் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தார். அந்த வாரம் முழுவதும் தெருத் தெருவாக மெல்ல ஓட்டிப் பழக்கினார். வண்டி வெண்ணெயாய் ஓடியது.

ஞாயிறு விடிந்தது. நம்மவர் தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி சகிதம் வெளியே வந்தார். வண்டி வாசலில் தயாராக நின்றது. முன் இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய அட்டைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பின் இருக்கையில் இன்னும் இரண்டு.

"என்னம்மா இது?"

"மூணு அடுக்குக் கல்யாணக் கேக். மலை மேல ஹோட்டலுக்கு. இன்னிக்குத்தான்."

"அதனாலென்ன, நான்தானே அங்க போறேன்? கொண்டு போய்க் கொடுத்துடறேன்."

"கொடுத்தா மட்டும் போதாதுங்க. அங்க போய் அடுக்கி, ஜோடிச்சு, பூ வைக்கணும். உங்களுக்கு அது இன்னும் கத்துத் தரலையே."

"அப்ப நீயும் ஏறிக்கோ."

"எங்க ஏறுறது? அதோட டாக்டர் பொண்ணு கேக் அவன்ல இருக்கு. நீங்க சுட்டதாத்தான் வேணும்னு சொன்னாராமே? என்னைவிட நல்லாச் சுடறீங்களாமே?"

நம்மவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "சரி... வாடகை வண்டி சொல்லிடலாம்."

"இருக்கற சொந்த வண்டியை விட்டுட்டா?" அம்மையார் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஓட்டுநர் உரிமம். மை காயாத புத்தம்புதுசு. படத்தில் அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது... எப்போ?"

"அதான் அக்காகிட்ட போயிட்டு வந்தேனே."

"உங்க அக்காவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"

"எங்க அக்கான்னு நான் சொன்னேனா? டிரைவிங் ஸ்கூல் அக்கா. ரொம்பத் தங்கமான அக்கா. நீங்க கேட்டதாவும் சொன்னேன்."

நம்மவர் தொப்பியைக் கழற்றினார்.

"வாடகை வண்டிக்காரங்க குலுக்குற குலுக்குல எத்தனை கேக் சரிஞ்சிருக்கு தெரியுமா? இந்த இன்ஜின் முடியணும்னு உங்களைவிட எனக்குத்தான் அவசரம். ஃப்ரீசர்ல அந்தத் தண்டைப் பாத்துட்டு, நல்லாக் குளிரட்டும்னு அது மேல பட்டாணிப் பாக்கெட்டை அடுக்கினதே நான்தான். வரட்டுமா? அவனைப் பாத்துக்குங்க."

வண்டி புறப்பட்டது. கியர் மாறிய சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. தெருமுனையில் டாக்டரின் கப்பல் காத்திருந்தது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி மறைந்தன. தான் கட்டிய இன்ஜினின் சத்தம் மலைப்பக்கம் தேய்ந்துபோவதைக் கேட்டுக்கொண்டு நம்மவர் கையுறையோடு நின்றார். பிறகு அந்தக் கையுறையாலேயே அவனைத் திறந்து கேக்கைத் திருப்பி வைத்தார்.

கிரீம் பூசிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது.

"என்னங்க, வந்து சேந்துட்டேன். வண்டி என்னமா ஏறுது! சூடே ஆகல."

"டாக்டர்?"

"பாதி வழியில ஹாரன் அடிச்சேன், ஒதுங்கிட்டாரு. இன்னும் வரல."

நம்மவருக்குப் புல்லரித்தது. ஜெயித்துவிட்டார். தன் இன்ஜின் ஜெயித்துவிட்டது. ஏப்ரனோடு ஒரு குதி குதித்தார்.

"இன்னொரு நல்ல சேதி. ஹோட்டல்காரங்களுக்குக் கேக் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை வேணுமாம். சரின்னுட்டேன்."

"வாரா வாரமா? யாரு சுடறது?"

"நீங்கதான்."

"யாரு கொண்டு போறது?"

"நான்தான்."

"அப்ப நான் எப்பதான் என் வண்டியை ஓட்டறது?"

அம்மையார் நிஜமாகவே யோசித்தார். அந்த யோசனையில் நம்மவருக்கு உயிர் வந்தது.

"இருங்க, முட்டை தீந்துபோச்சு. கடைக்குப் போகணும்."

"இன்னிக்கே போறேன்! நீ வந்ததும் எடுத்துட்டுப் போறேன்!"

"வேணாங்க. நீங்க ஓட்டினா முட்டை உடைஞ்சிடும். இப்பவே நடந்து போய் வாங்கிட்டு வந்துடுங்க."