முளைப்பாரிக்குப் போன என் ஆற்றுமண்

எங்கள் வீட்டில் எதையும் மூடி வைக்கக் கூடாது. மூடி வைத்தால் யாராவது திறப்பார்கள். திறந்தால் எடுத்துவிடுவார்கள். காரைக்குடியில் எம்.எஸ்சி. நிலவியல் கடைசி வருடம் படிக்கும்போது இது எனக்கு உறைத்தது.

ஆய்வுக்காகச் சாக்கோட்டைப் பக்கம் வறண்ட ஆற்றில் பிளாஸ்டிக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, மண்ணை அப்படியே உருவிக் கொண்டுவந்தேன். (உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒருவரும் கேட்கவில்லை.) குழாயை நெடுக்காகப் பிளந்தால் அடுக்கடுக்காக மண். வெள்ளம் வந்த காலத்தில் பருமணல், தண்ணீர் தேங்கிய காலத்தில் களிமண், வறண்ட காலத்தில் அந்தக் களிமண்ணில் வெடிப்பு. அடியில் பழசு, மேலே புதுசு. எத்தனையோ தலைமுறையாக மழையும் வறட்சியும் மாறி மாறி வந்த வரிசை அது. வரிசை கலைந்தால் வெறும் சேறு. பட்டமும் கிடையாது.

காயக் கூடாதே என்று ஈரச்சாக்கால் மூடி, இருட்டறையில் வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக வண்டி பேசப் போனேன்.

அது மாரியம்மன் திருவிழா நேரம். ஆற்றுமண், ஈரச்சாக்கு, இருட்டறை. எங்கள் ஊரில் இதெல்லாம் ஒன்றாக இருந்தால் அது முளைப்பாரி. சட்டியில் மண் போட்டு, விதை தூவி, இருட்டில் வளர்த்து, திருவிழாவன்று தலையில் சுமப்போம். திரும்பி வந்தபோது அப்பாவின் அக்கா பாக்கியம் அத்தை கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமியே கும்பிடாத புள்ள, இந்த வருசம் நீயே மண்ணு எடுத்தாந்து வச்சிருக்கியே! தெருவுக்கே சட்டி நெறச்சாச்சுடி!"

"அத்தை, அது என் பரீட்சை மண்ணு!"

"மண்ணுல என்னடி பரீட்சை? குழாயைக்கூடக் கழுவி வச்சிட்டேன்."

விதை தூவியாகிவிட்டது. இனி யாரும் கலைக்கக் கூடாதாம்.

திருவிழாவன்று அம்மா என் தலையிலும் ஒரு சட்டியை ஏற்றினார். என் ஆய்வில் முளைத்த பயறு முகத்தில் உரசியது. கோயில் வாசலில் எனக்குத் தாங்கவில்லை.

"எல்லாத்தையும் கலந்துட்டீகளே! அடி எது, மேல எதுன்னு இனி யாருக்குத் தெரியும்?"

உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. (கோபத்தில்தான்.)

உடனே குலவை கிளம்பியது. ஒருத்தி மஞ்சள் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். பாக்கியம் அத்தை கைகூப்பினார்.

"தாயி, இந்த வருசம் மழை வருமா?"

"ஒரு வருசத்தை மட்டும் என்னத்துக்குக் கேக்குறீக? வெள்ளமும் வரும், வறட்சியும் வரும், மாறி மாறி வரும்! ஆத்து மண்ணைப் பாருங்க, தெரியும்!"

தெருவே விழுந்து கும்பிட்டது. என் ஆய்வை அவ்வளவு மரியாதையாக எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை.

மறுவாரமே சம்மட்டியோடு மறுபடி ஆற்றில் இறங்கினேன். பட்டமும் வாங்கினேன். இன்றும் நான் குரலை உயர்த்தினால் வீட்டில் யாராவது செம்பில் தண்ணீரோடு வந்து, "தாயி, மழை வருமா?" என்று நிற்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

முளைப்பாரியை ஊருணியில் கரைத்தார்கள். என் மண் இப்போது அதன் அடியில் ஓர் அடுக்கு. பின்னாளில் எவராவது அங்கே குழாய் இறக்கி, எல்லாக் காலமும் ஒன்றாகக் குழைந்து கிடப்பதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டால் என்னிடம் வரவேண்டாம். பாக்கியம் அத்தையைக் கேட்கட்டும்.